பேசாத ஆலைக்கு எந்த இசை?

அறை முழுவதும் இருட்டு. வெள்ளைத் திரையில் ஒரு படம் விழுகிறது.

வானத்தைத் தொடும் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் இரண்டு பெரிய சக்கரங்கள். நிலக்கரிச் சுரங்கத்தின் வாசல் அது. அந்தச் சக்கரங்கள் சுற்றியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் பூமிக்குள் இறங்கினார்கள்; ஏறினார்கள்.

இப்போது சக்கரம் சுற்றவில்லை. ஆளும் இல்லை.

"கடக்!"

அடுத்த படம் வருகிறது. இரும்பு உருக்கும் ஊதுலை. மறுபடியும் "கடக்!" வாயு நிரப்பி வைக்கும் பெரிய தொட்டி.

படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், பத்துப் படம் போனதும் பார்ப்பவர்கள் நெளிகிறார்கள். குழந்தைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

என்ன குறை? சத்தம் இல்லை!

சரி, சத்தம் சேர்த்து விடலாம். ஆனால் எந்தச் சத்தம்? வாத்திய இசையா? யந்திரத்தின் இரைச்சலா? தொழிலாளிகள் பாடிய பாட்டா?

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். சின்ன விஷயம் அல்ல! பொருந்தாத இசையைப் போட்டால், சாவு வீட்டில் கல்யாண மேளம் கொட்டியது போல ஆகிவிடும்.

கணவனும் மனைவியும்

ஆலைகளைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு தம்பதிகள். கணவர் பெயர் பெர்ன்டு பெச்சர். மனைவி பெயர் ஹில்லா.

பெர்ன்டு 1931-ல் சீகன் என்ற ஊரில் பிறந்தவர். இரும்புச் சுரங்கங்களும் உலைகளும் நிறைந்த பகுதி அது. அவர் முதலில் ஓவியர். பிறந்த ஊரில் இருந்த ஒரு பழைய சுரங்கத்தை வரைய உட்கார்ந்தார். அவர் வரைந்து முடிப்பதற்குள் சுரங்கத்தை இடிக்கத் தொடங்கி விட்டார்கள்! பென்சிலை விட இடிக்கும் கை வேகமாக இருந்தது. எனவே அவர் காமிராவைக் கையில் எடுத்தார்.

ஹில்லா 1934-ல் பிறந்தவர். முறையாகப் புகைப்படக் கலை பயின்றவர். இருவரும் 1957-ல் சந்தித்தார்கள். 1959-ல் சேர்ந்து படம் எடுக்கத் தொடங்கினார்கள். 1961-ல் திருமணம் செய்து கொண்டார்கள்.

அதன் பிறகு சுமார் 50 ஆண்டுக் காலம் அவர்களுக்கு ஒரே வேலை! ஜெர்மனி, இங்கிலாந்து, பெல்ஜியம், பிரான்சு, அமெரிக்கா என்று ஊர் ஊராகப் போனார்கள். சுரங்கக் கோபுரம், ஊதுலை, தண்ணீர்த் தொட்டி, வாயுத் தொட்டி என்று வகை வகையாகப் படம் எடுத்தார்கள்.

வெயில் அடிக்கும் நாளில் எடுக்க மாட்டார்கள். மேகம் மூடிய நாளில்தான் எடுப்பார்கள். நிழல் விழுந்தால் கட்டிடத்தின் உருவம் மறைந்துவிடும் அல்லவா? எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரே வகைக் கட்டிடங்களின் படங்களை 9, 12, 15 என்று வரிசையாகச் சுவரில் மாட்டுவார்கள்.

1990-ல் வெனிஸ் நகரத்துக் கலைக் காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அது புகைப்படத்துக்கான பரிசு அல்ல, சிற்பத்துக்கான பரிசு! இரும்புக் கோபுரங்கள் அந்தப் படங்களில் சிலைகள் போல நின்றன.

பெர்ன்டு 2007-ல் காலமானார். ஹில்லா 2015-ல் காலமானார்.

படம் காப்பாற்றிய கட்டிடம்

"பாழடைந்த ஆலையைப் படம் எடுத்து என்ன பயன்?" என்று கேட்கலாம்.

ஜெர்மனியில் டார்ட்மண்டு நகரத்தில் சோலர்ன் என்ற நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அங்கே இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு யந்திரக் கூடம் கட்டியிருந்தார்கள். அரண்மனை போன்ற வாசல்! உள்ளே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பலகைகூடச் சலவைக் கல்லால் ஆனது.

1966-ல் சுரங்கம் மூடப்பட்டது. கூடத்தை இடித்துவிட ஏற்பாடு நடந்தது. பெச்சர் தம்பதிகளும் வேறு சிலரும் "இடிக்கக்கூடாது" என்று குரல் கொடுத்தார்கள். 1969-ல் அந்தக் கூடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆயிற்று. இன்று அது தொழில் அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள்.

மாதா கோவிலையும் கோட்டையையும் காப்பது பழைய வழக்கம். ஆலையையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் மெல்ல மெல்லப் பிறந்தது.

ஆனால், பெச்சர் தம்பதிகள் எடுத்த படங்களில் ஒன்று இல்லை. பெரும்பாலான படங்களில் மனிதர்களே கிடையாது! கோபுரம் இருக்கிறது, ஏறி இறங்கியவன் இல்லை. உலை இருக்கிறது, வெந்தவன் இல்லை.

அவனைத் திரும்ப அழைத்து வர ஒரு வழி உண்டு. அதுதான் ஒலி!

முதல் வழி: மௌனம்

ஒலி சேர்ப்பது என்றால் உடனே இசைத் தட்டைத் தேடக்கூடாது. முதலில் சும்மா இருந்து பார்க்க வேண்டும்.

பழைய சிலைடு யந்திரங்களுக்குத் தனிச் சத்தம் உண்டு. அமெரிக்காவில் கோடக் கம்பெனி 1961-ல் "கரோசல்" என்ற சிலைடு யந்திரத்தைக் கொண்டு வந்தது. வட்டமான தட்டில் 80 படங்களை அடுக்கி வைக்கலாம். ஒவ்வொரு படமும் விழும்போது "கடக்" என்று ஓசை வரும். 2004-ல் கோடக் கம்பெனி சிலைடு யந்திரம் செய்வதையே நிறுத்திவிட்டது. இன்று கம்ப்யூட்டரில் படங்கள் ஓசையில்லாமல் மாறுகின்றன.

ஆலைப் படங்களுக்கு அந்தக் "கடக்" ஓசையே பாதிப் பொருத்தம்! அதுவும் ஒரு யந்திரத்தின் குரல்தானே?

காலியான கட்டிடத்துக்கும் ஒரு குரல் இருக்கிறது. ஜெர்மனியில் ஓபர்ஹாசன் நகரில் 1929-ல் கட்டிய வாயுத் தொட்டி ஒன்று இருக்கிறது. உயரம் 117 மீட்டர். 1988-ல் அதன் வேலை முடிந்தது. 1994 முதல் பொருட்காட்சிக் கூடமாக இருக்கிறது. அதன் உள்ளே நின்று ஒரு முறை கை தட்டினால், எதிரொலி பல முறை திரும்பி வரும்!

படம் எடுக்கப் போகிறவர் இதை மறக்கக்கூடாது. காமிராவோடு ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு போக வேண்டும். செல்போன்கூடப் போதும். காலிக் கூடத்தில் 2 நிமிடம் பேசாமல் நின்று பதிவு செய்தால் போதும். உடைந்த கண்ணாடி வழியே வீசும் காற்று, தகரம் அதிரும் ஓசை, புறாவின் சிறகடிப்பு எல்லாம் கிடைக்கும். இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரண்டாவது வழி: யந்திரமே பாடட்டும்

ஆலைச் சத்தத்தையே இசையாக்கப் பார்த்தவர்கள் உண்டு.

1922-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி. பாக்கு நகரம். ரஷ்யப் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு விழா. அவ்ராமோவ் என்ற இசைக்காரர் ஒரு கச்சேரி நடத்தினார். வாத்தியங்கள் என்ன தெரியுமா? ஆலைச் சங்குகள்! கப்பல் சங்குகள்! பீரங்கிகள்! ஊர் முழுவதும் அரங்கம் ஆயிற்று. அவர் உயரத்தில் நின்று கொடி அசைத்துக் கச்சேரியை நடத்தினார்.

1948-ல் பிரான்சு நாட்டில் பியர் ஷேபர் என்ற வானொலிக்காரர் வேறொன்று செய்தார். பாரிஸ் நகரத்து ரயில் நிலையம் ஒன்றுக்குப் போனார். என்ஜின் ஊதுவதையும், சக்கரம் உருள்வதையும் ஒலித்தட்டில் பதிவு செய்தார். அந்தத் துண்டுகளை வெட்டி, அடுக்கி, ஓர் இசைப் படைப்பு ஆக்கினார். வானொலியில் அது ஒலிபரப்பானது. பாடகர் இல்லை; வாத்தியம் இல்லை; ரயில்தான் பாடியது!

இந்த வழி எளிது அல்ல. ஆலை மூடிய பிறகு அதன் சத்தத்தை எங்கே தேடுவது?

இந்தக் கவலை சில அருங்காட்சியகங்களுக்கும் வந்தது. ஐரோப்பாவில் 6 அருங்காட்சியகங்கள் சேர்ந்து, 2013 முதல் 2015 வரை மறைந்து வரும் தொழில் ஒலிகளைப் பதிவு செய்தன. தறி ஓடும் ஓசை, சம்மட்டி அடி, பழைய யந்திரங்களின் பெருமூச்சு என்று நூற்றுக்கணக்கான ஒலிகள். அவற்றை இணையத்தில் எல்லோரும் கேட்கும்படி வைத்தன. சோலர்ன் சுரங்கக் கூடத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகமும் அந்த ஆறில் ஒன்று! கட்டிடத்தைக் காத்தவர்கள் கடைசியில் சத்தத்தையும் காத்தார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எந்தக் கட்டிடமோ அதற்கு உரிய சத்தம்தான் வர வேண்டும். சுரங்கக் கோபுரத்தின் படத்துக்குத் தறிச் சத்தம் போட்டால், தெரிந்தவன் சிரிப்பான். சுரங்கத்தில் மணி அடித்துத்தான் கட்டளை கொடுப்பார்கள். நிறுத்து, ஏற்று, இறக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. எனவே, முதலில் இருட்டில் மணி ஒலிக்கட்டும். பிறகு ஒரு கணம் மௌனம். அப்புறம் கோபுரத்தின் படம் வரட்டும். பார்ப்பவரின் உடல் சிலிர்க்கும்!

மூன்றாவது வழி: யந்திரத்தைப் போன்ற இசை

பெரிய வாத்தியக் குழுவை வைத்து யந்திரத்தைக் காட்டிய இசை மேதைகள் இருக்கிறார்கள்.

ஹோனகர் என்பவருக்கு ரயில் என்ஜின் என்றால் உயிர். 1923-ல் "பசிபிக் 231" என்ற இசையை எழுதினார். 231 என்பது என்ஜின் அச்சுகளின் கணக்கு. முன்னால் 2, நடுவில் 3, பின்னால் 1. நின்ற என்ஜின் மூச்சு வாங்கி, மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, ஓடி நிற்கிறது. எல்லாம் வாத்தியத்தில்!

ரஷ்யாவில் மோசலோவ் என்பவர் "இரும்பு வார்ப்படச் சாலை" என்ற இசையை எழுதினார். 1927-ல் மாஸ்கோவில் வாசித்தார்கள். வாத்தியங்களுக்கு நடுவே ஓர் இரும்புத் தகட்டையும் பிடித்து ஆட்டுகிறார்கள். கேட்டால் உலைக்குள் தலையை விட்டது போல இருக்கும்!

யந்திரத்தைப் புகழ்ந்து இசை எழுதிய அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது? 1937-ல் கைது செய்தார்கள். 8 ஆண்டு தண்டனை! மற்ற இசைப் புலவர்கள் பரிந்து பேசிய பிறகு 1938-ல் விடுதலை ஆனார்.

இந்த இசைகள் ஓடும் ஆலைக்குப் பொருந்தும். நின்று போன ஆலைக்குப் பொருந்துமா? அதுதான் கேள்வி. திரையில் துருப்பிடித்த சக்கரம். காதில் பாய்ந்து ஓடும் என்ஜின். கண் ஒன்று சொல்கிறது. காது வேறொன்று சொல்கிறது. "ஒரு காலத்தில் இப்படி ஓடியது" என்று காட்ட வேண்டுமானால் போடலாம். சும்மா விறுவிறுப்புக்காகப் போடக்கூடாது.

நான்காவது வழி: தொழிலாளியின் பாட்டு

1934-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. வேல்ஸ் நாட்டில் கிரஸ்போர்டு என்ற நிலக்கரிச் சுரங்கம். அதிகாலை 2 மணி சுமாருக்குப் பூமிக்கு அடியில் பயங்கர வெடி! எங்கும் தீ!

மொத்தம் 266 பேர் மாண்டார்கள். தீ அடங்கவில்லை. சுரங்கத்தின் வாயையே அடைக்க வேண்டியதாயிற்று. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடல்கள் மேலே வரவே இல்லை. இன்றும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் வடக்கே ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி இருந்தார். அவருக்கு இசை தெரியும். மாண்டவர்களின் நினைவாக ஒரு மெட்டு அமைத்தார். அதற்குக் "கிரஸ்போர்டு" என்றே பெயர். சொற்கள் கிடையாது. பித்தளைக் குழல்கள் ஊதும் பாண்டு வாத்தியம் மட்டுமே.

1938-ல் டர்ஹாம் நகரத்தில் நடந்த சுரங்கத் தொழிலாளர் விழாவில் அதை முதலில் வாசித்தார்கள். அந்த விழாவில் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கொடி உண்டு. ஒரு பாண்டு உண்டு. டர்ஹாம் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. சுரங்கம் போனாலும் விழா போகவில்லை! கிரஸ்போர்டு மெட்டை வாசிக்கும்போது மக்கள் மௌனமாக எழுந்து நிற்கிறார்கள்.

2010-ல் அமெரிக்கப் பட இயக்குநர் பில் மாரிசன், டர்ஹாம் சுரங்கங்களைப் பற்றிய பழைய பிலிம்களை எடுத்துத் தொகுத்தார். ஐஸ்லாந்து நாட்டு இசையமைப்பாளர் யோகான் யோகான்சன் அதற்கு இசை அமைத்தார். எந்த வாத்தியம் தெரியுமா? பித்தளைக் குழல்கள்தான்! அந்த மக்கள் ஊதிய அதே வாத்தியம். டர்ஹாம் தேவாலயத்திலேயே படத்தைத் திரையிட்டு, இசையையும் நேரில் வாசித்தார்கள். படத்தில் விளக்கவுரை இல்லை. ஆனாலும் எல்லாம் விளங்கியது.

ஜெர்மனியிலும் இப்படி ஒரு பாட்டு உண்டு. "சுரங்க மேஸ்திரி பாட்டு" என்று சொல்லலாம். பல நூற்றாண்டுப் பழமை உடையது. 2018-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, பூமிக்கு அடியில் இறங்கிக் கரி வெட்டிய அந்த நாட்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். கடைசியாக வெட்டிய கரிக் கட்டியை நாட்டின் ஜனாதிபதியிடம் கொடுத்தார்கள். அங்கே அந்தப் பாட்டு ஒலித்தது. முரட்டுத் தொழிலாளிகளின் கண்கள் கலங்கின.

இந்த இசையில் யந்திரச் சத்தம் இல்லை. ஆனால் மனிதனின் மூச்சு இருக்கிறது. குழலை ஊதுவதும் மூச்சுதானே? சுரங்கத்தில் முதலில் போவதும் அதுதானே?

கணக்குப் போடுங்கள்!

எந்த வழி நல்லது? நான்கையும் கலந்து செய்வதே நல்லது. ஆனால் கணக்கு வேண்டும்.

80 படங்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். படத்துக்கு 6 விநாடி என்றால் 480 விநாடி. அதாவது 8 நிமிடம். மோசலோவின் இசை 4 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் 80 படங்களை அடைத்தால் ஒரு படத்துக்கு 3 விநாடிகூடக் கிடைக்காது! படம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இப்படிப் பிரிக்கலாம்:

முதல் 10 படங்களுக்கு ஒன்றும் வேண்டாம். காலிக் கூடத்தின் காற்றோசை போதும். படத்துக்கு 6 விநாடி. ஆக 1 நிமிடம்.

அடுத்த 30 படங்களுக்கு யந்திர ஓசை. அதே 6 விநாடி. ஆக 3 நிமிடம்.

அடுத்த 25 படங்களுக்குத் தொழிலாளியின் இசை. இங்கே அவசரம் கூடாது. படத்துக்கு 10 விநாடி. ஆக 4 நிமிடம் 10 விநாடி.

கடைசி 15 படங்களுக்கு மறுபடியும் மௌனம். படத்துக்கு 6 விநாடி. ஆக ஒன்றரை நிமிடம்.

மொத்தம் 9 நிமிடம் 40 விநாடி. யாருக்கும் சலிக்காது!

இன்னும் சில யோசனைகள்:

தாளத்துக்குத் தாளம் படத்தை மாற்றக்கூடாது. கண்ணுக்கு அலுப்புத் தட்டும்.

ஒலி முந்தி வரட்டும்; படம் பிந்தி வரட்டும். ஆவல் பிறக்கும்.

சொற்கள் உள்ள பாட்டைப் போட்டால், காது சொல்லின் பின்னே ஓடும். கண் படத்தை விட்டுவிடும். எனவே வாத்திய இசை நல்லது.

சோக இசையையே 10 நிமிடமும் போடக்கூடாது. ஆலை வெறும் இழவு வீடு அல்ல. சம்பள நாளும் அங்கே இருந்தது, சிரிப்பும் இருந்தது.

பொது இடத்தில் காட்டுவதானால் இசைக்கு அனுமதி பெற வேண்டும். மெட்டு அமைத்தவருக்கு உரிமை உண்டு. வாசித்துப் பதிவு செய்தவர்களுக்கும் உரிமை உண்டு.

கடைசிச் சோதனை

எல்லாம் தயார். இசை சரியா, தவறா என்று எப்படித் தெரிந்து கொள்வது?

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. படம் காட்டும் அறையில், முதல் வரிசையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கொள்ள வேண்டும். அந்த ஆலையில் 30 ஆண்டு வேலை செய்தவர். காது பாதி மந்தம். அந்த யந்திரங்கள் கொடுத்த பரிசு! அவருடைய தோழர்கள் சிலர் சுரங்கத்துக்குள் போய்த் திரும்பி வராதவர்கள்.

அவர் முன்னால் அந்த இசையைப் போட முடியுமா?

"என்ன இது கூத்து?" என்று அவர் எழுந்து போய்விட்டால், இசை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தவறு. "ஆமாம், இப்படித்தான் இருந்தது" என்று அவர் தலையை அசைத்தால் அதுவே சரி.

அவரையே கேட்டுவிடுவது அதைவிட நல்லது. "அப்போது இங்கே என்ன சத்தம் கேட்கும்?" என்று கேட்டால் போதும். சங்கு எத்தனை மணிக்கு ஊதும், எந்த யந்திரம் எப்படி முனகும், வீடு திரும்பும்போது என்ன பாட்டுப் பாடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்வார். அந்தக் குரலையே பதிவு செய்து படத்தோடு சேர்த்தால் அதற்கு ஈடு எது?

இரும்புக் கோபுரத்தைக் காமிரா பிடித்துவிடும். அதன் கீழே நின்றவனைக் காதுதான் பிடிக்க வேண்டும்!